டெக் லாக்கைப் படிக்கும் நிமிடங்களைப் பறிக்காதீர்கள்: எங்கள் விமான நிறுவனத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

செயல்பாட்டுப் பிரிவுத் தலைவருக்கும் பராமரிப்புப் பிரிவுத் தலைவருக்கும்,

சென்ற வாரம் லைன் மெயின்டனன்ஸ் (பயணங்களுக்கு இடையே விமானத்தைச் சரிபார்க்கும் பிரிவு) அறையின் பலகையில் உங்கள் சுற்றறிக்கையை ஒட்டினார்கள். புறப்பாட்டு நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே டெக் லாக், அதாவது விமானத்தின் பழுதுகளையும் செய்த வேலைகளையும் எழுதும் பதிவேடு, மூடப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் பொறியாளர் அதைக் கையில் வைத்திருந்தால், பழுது இருந்ததோ இல்லையோ, அந்தத் தாமதம் விமானப் பழுதால் வரும் தாமதத்துக்கான 41-ஆம் கோடில் அவருடைய பணியாளர் எண்ணோடு பதிவாகும். மாதக் கடைசியில் அந்த எண்களின் பட்டியல் அதே பலகையில் ஒட்டப்படும். மொத்தமே மூன்று வரிதான். படித்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. உரிமம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி மட்டும் என்னிடம் வந்து, "போன வாரம் நான் நிறுத்துன ஃபிளைட்டும் இதுல சேருமா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

19 ஆண்டுகளாக ரேம்ப்பில், விமானங்கள் நிறுத்தப்படும் தளத்தில், நிற்கிறேன். விமானம் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதில் உங்களுக்கு இருக்கும் அக்கறை எனக்கும் உண்டு. ஒரு விமானம் அரை மணி தாமதமானால் அதன் அடுத்த நான்கு பயணங்களும் சரிகின்றன, விமானிகளின் பணிநேரம் தீர்ந்துபோகிறது, இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்கள் குழந்தைகளோடு நாற்காலியில் உறங்குகிறார்கள். இதையெல்லாம் நான் திரையில் பார்ப்பதில்லை, நேரில் பார்க்கிறேன். ஆனாலும் இந்தச் சுற்றறிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. அது மிச்சப்படுத்தச் சொல்லும் நிமிடங்கள் எவை என்பதை எழுதியவர்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் அட்டவணையில் டர்ன்அரவுண்ட், அதாவது வந்த விமானம் மறுபடி கிளம்புவதற்கான நேரம், 40 நிமிடம். விமானம் வந்து நின்று, சக்கரக்கட்டை வைத்து, எஞ்சின் அணைந்து, சிவப்பு விளக்கு நின்ற பிறகுதான் நாங்கள் அருகில் போக முடியும். பிறகு ஒரு சுற்று நடக்கிறோம். டயர், பிரேக் தேய்மானம் காட்டும் பின், ஃபேன் பிளேடுகள், இறக்கையின் அடிப்பக்கம், எங்காவது கசிவு, எங்காவது பறவை மோதிய தடம். எஞ்சின் ஆயிலைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். வந்திறங்கிய கேப்டன் ஏதாவது எழுதியிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். இத்தனையும் முடிந்து டெக் லாக்கை விரித்து உட்காரும்போதுதான் கதவருகிலிருந்து குரல் வரும்: "போர்டிங் முடிஞ்சது சார், நீங்கதான் பாக்கி." எல்லோருடைய வேலையும் முடிந்த பிறகு மிஞ்சும் நேரம்தான் காகிதத்துக்கு. விமானம் 18 நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அந்த 18 நிமிடமும் இங்கிருந்துதான் போகிறது. சுத்தம் செய்பவர்களோ எரிபொருள் நிரப்புபவர்களோ பாதியில் நிறுத்த முடியாது. படிப்பதை மட்டும் பாதியில் நிறுத்தலாம், யாருக்கும் தெரியாது.

டெக் லாக் படிப்பது என்றால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். டிஃபர் செய்யப்பட்ட, அதாவது பிறகு சரிசெய்யலாம் என்று தள்ளிவைக்கப்பட்ட, ஒவ்வொரு பழுதும் எம்.இ.எல். எனும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியலில் எந்த வகையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பி வகை என்றால் 3 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், சி என்றால் 10 நாள், டி என்றால் 120 நாள். கண்டுபிடித்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். எண்ணியவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நாள் கூடியிருக்கும். எம் என்று குறி இருந்தால் அந்தப் பழுதோடு பறக்க அனுமதிக்கும் முன் நாங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது செய்யப்பட்டதா என்று பதிவைத் தேட வேண்டும். ஓ என்று இருந்தால் விமானிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, தனித்தனியாக அனுமதிக்கப்பட்ட இரண்டு பழுதுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பது. அதற்கென்று நிரப்ப ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. யோசிக்க நேரம் இருந்தால்தான் யோசிப்போம்.

டிஃபர் செய்த ஒரு பழுது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தரையில் மின்சாரமும் எஞ்சினைக் கிளப்பும் காற்றும் தரும் ஏ.பி.யு. எனும் சிறு துணை எஞ்சின் வேலை செய்யாத நிலையில் ஒரு ஃபோக்கர் எஃப்-28 விமானம் அங்கே இறங்கியது. பழுது முறைப்படி டிஃபர் செய்யப்பட்டிருந்தது. ஏ.பி.யு. இல்லாமல் பறக்கலாம்தான். ஆனால் அந்த நிலையத்தில் எஞ்சினைக் கிளப்பும் தரைக் கருவி கிடையாது. அணைத்தால் மறுபடி கிளப்ப முடியாது என்பதால் ஒரு எஞ்சினை ஓடவிட்டே வைத்தார்கள். எஞ்சின் ஓடும்போது இறக்கையில் பனி நீக்கும் திரவம் தெளிக்கக் கூடாது என்பது அந்த விமானத்துக்கு அப்போது இருந்த விதி. பனி விழுந்துகொண்டிருந்தது, விமானம் ஏற்கெனவே தாமதம், பயணிகளுக்கு இணைப்பு விமானங்கள் காத்திருந்தன. பனி படிந்த இறக்கையோடு கிளம்பி மரங்களுக்குள் விழுந்தது. இருந்த 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். ஏ.பி.யு. டிஃபர் ஆன விமானத்துக்கு நான் கையெழுத்திடும்போதெல்லாம் அது போகும் இடத்தில் தரைக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் வர சில நேரம் ஐந்து நிமிடம் ஆகும். இனி அந்த ஐந்து நிமிடமும் என் எண்ணில் ஏறும்.

என் கணக்கில் ஏற்கெனவே ஒரு 41 இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மழைக்காலம், காலையின் முதல் புறப்பாடு. இரவு ஷிஃப்ட்டில் ஒரு மெயின் வீல் மாற்றியிருந்தார்கள். லாக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: 4-ஆம் சக்கரம், கழற்றியதன் வரிசை எண், போட்டதன் வரிசை எண், டார்க் (முறுக்கு விசை) ரெஞ்சின் எண், கையெழுத்து. அரை மணிக்கு முன் நான் சுற்றி வந்தபோது கண்ணில் பட்ட ஏதோ ஒன்று அந்த வரியோடு ஒத்துவரவில்லை. என்ன என்று சட்டென்று பிடிபடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். வலது கியரில் 3-ம் 4-ம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 4-ஆம் டயர் பாதி தேய்ந்து, வீல் முழுக்கப் பிரேக் கரி அப்பியிருந்தது. 3-ஆம் டயரிலோ அச்சிலிருந்து வந்த மெல்லிய ரப்பர் முடிகள்கூட முழுதாக உதிரவில்லை. மழைத் தண்ணீரைக் கட்டைவிரலால் துடைத்து வீலில் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன். லாக்கில் 4-ஆம் இடத்துக்கு எழுதியிருந்த எண் 3-ல் இருந்தது.

எழுதும்போது 3, 4 ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று அங்கேயே முடிவு கட்டியிருக்கலாம். மேலே கேப்டன் ஜன்னல் வழியாகக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் காகிதத்தின்படி 3-ஆம் சக்கரத்தை யாரும் தொடவே இல்லை. அதன் அச்சு நட்டை யார் முறுக்கினார்கள், எவ்வளவு டார்க், பூட்டு போல்ட் போட்டார்களா என்பதற்கு ஒரு வரிகூடச் சாட்சி கிடையாது. ஹப் கேப்பைக் கழற்றினேன். பூட்டு போல்ட்டுகள் இருந்தன. டார்க்கைக் கண்ணால் பார்க்க முடியாது. இரவு கையெழுத்திட்ட பொறியாளரைக் கைப்பேசியில் எழுப்பினேன். ஒரு நொடி அமைதிக்குப் பிறகு, "மூணுதாண்ணே. மூணுல போட்டுட்டு நாலுன்னு எழுதிட்டேன். டார்க் நான்தான் வச்சேன், ரெண்டு தடவ. என் தப்புதான்" என்றார். அவரே பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறைக்கும் அழைத்து அதையே சொன்னார். பதிவைத் திருத்தி, மறுபடி ரிலீஸ் எனும் பறக்கத் தகுதிச் சான்று கொடுத்து விமானத்தை அனுப்பினோம். 22 நிமிடம்.

அன்று மதியம் என்னை அழைத்துப் பேசிய அதிகாரி கேட்டது இது: "கடைசியில ஒண்ணுமே இல்லையே, அதுக்கா 22 நிமிஷம்?" ஒன்றுமில்லை என்பது 22 நிமிடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது என்று சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை. நீங்களாவது குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

அன்று நேரத்தைக் காப்பாற்றியது யார் என்பதையும் பாருங்கள். அந்தப் பொறியாளர் "எனக்கு ஞாபகம் இல்லை" என்றோ "நாலுதான்" என்றோ சொல்லியிருந்தால், ஜாக் கொண்டுவந்து வலது கியரைத் தூக்கி நட்டை மறுபடி முறுக்கியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். தன் தவறை ஒரு நொடியில் ஒப்புக்கொண்டதால்தான் 22-ல் முடிந்தது. உங்கள் பட்டியல் பலகையில் ஏறிய பிறகு, 12 மணி நேர இரவுப் பணி முடித்து உறங்கப்போனவர் அதே அழைப்புக்கு அதே பதிலைச் சொல்வாரா? சொல்வார் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

காகிதத்தில் ஒரு வரி விடுபட்டதால் என்ன நடக்கும் என்பதற்கு 1991 செப்டம்பர் 11 இருக்கிறது. டெக்சஸில் ஈகிள் லேக் என்ற ஊருக்கு அருகே ஓர் எம்பிரேயர் 120 நடுவானில் சிதைந்து 14 பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு வால் கிடைத்தளத்தின் முன்விளிம்பில் இருக்கும் பனிநீக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. ஒரு ஷிஃப்ட்டில் இடதுபக்க மேற்பரப்பின் 47 திருகுகளைக் கழற்றினார்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வலதுபக்க வேலையை மட்டும் முடித்தார்கள். இடதுபக்கம் கழற்றியது வேலை அட்டையில் எழுதப்படவில்லை, ஷிஃப்ட் மாறும்போது ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. அந்த விமானத்தின் வால் டி வடிவம். உச்சியின் மேற்பரப்பைக் கீழே நின்று யாரும் பார்க்க முடியாது. காலையில் விமானத்தைச் சுற்றிவந்த விமானிக்கு அந்த 47 வெற்றுத் துளைகளைக் காட்டக்கூடிய ஒரே பொருள் ஒரு காகிதம்தான். அந்தக் காகிதத்தில் அது இல்லை.

அவசரத்தில் ஆவணத்தைத் திறக்காமல் வேலையை முடிப்பது திறமையில்லாதவர்கள் செய்வது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1990-ல் பிரிட்டனில் ஒரு பிஏசி 1-11 விமானத்தின் முன்கண்ணாடியை மாற்றியவர் அனுபவம் மிக்க ஷிஃப்ட் மேலாளர். பாகப் பட்டியலைத் திறக்காமல், கழற்றிய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்தார். போட்ட 90-ல் 84 விட்டம் குறைந்தவை, 6 நீளம் குறைந்தவை. ஜூன் 10 அன்று வானில் கண்ணாடி பிய்ந்துபோய் கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். சகாக்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே விமானத்தை இறக்கினார்கள், அவர் பிழைத்தார். 2001-ல் ஓர் ஏ330-க்கு எஞ்சின் மாற்றியபோது பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது வேலை செய்தவர்களுக்கே தெரிந்தது. பார்க்க வேண்டிய சர்வீஸ் புல்லட்டின் எனும் உற்பத்தியாளரின் தொழில்நுட்ப அறிவிப்பு கணினியில் திறக்கவில்லை. வேலையை முடித்தாக வேண்டிய நெருக்கடி. சில நாள் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, அட்லாண்டிக் மேல் எரிபொருள் முழுக்கக் கசிந்து இரண்டு எஞ்சினும் நின்றன. 306 பேரோடு அசோர்ஸ் தீவு வரை மிதந்து வந்து இறக்கிய விமானிகளின் திறமையால் யாரும் சாகவில்லை. அந்த ஆவணம் திறந்து, அதைப் படிக்க ஒருவருக்கு நேரமும் இருந்திருந்தால், அந்தப் பயணம் ஒரு சாதாரண இரவாகக் கழிந்திருக்கும்.

இவற்றை நான் தேடிப்பிடித்துச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே எங்களுக்கு நடத்தும் மனிதக் காரணிகள் வகுப்பில் கற்றுத் தருபவைதான். 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் தொகுத்த, பராமரிப்புத் தவறுக்கான பன்னிரண்டு காரணங்களின் சுவரொட்டி அந்த அறையில் இன்றும் தொங்குகிறது. அதில் அழுத்தம் ஒன்று, களைப்பு ஒன்று, உறுதியோடு பேசாமை ஒன்று. உங்கள் சுற்றறிக்கை இந்த மூன்றையும் ஒரே நாளில் எங்கள் அறைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

எலக்ட்ரானிக் டெக் லாக் வந்துவிட்டதே, இனி படிக்க அவ்வளவு நேரம் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் கேட்டதாக அறிந்தேன். டேப்லெட் நல்லதுதான். கையெழுத்துப் புரியாத தொல்லை போயிற்று, தேதிக் கணக்கை அதுவே போடுகிறது. ஆனால் 3 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 4 என்று அடித்தால் அதையும் அழகாகக் காட்டும். மழையில் இறங்கி டயரைப் பார்ப்பது அதனால் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிலீஸில் கையெழுத்திடும்போது, வேலை விதிப்படி செய்யப்பட்டது, அந்த வேலையைப் பொறுத்தவரை விமானம் பறக்கத் தகுதியானது என்று நான் சான்று தருகிறேன். அது என் உரிமத்தின் மேல், என் பெயரில் தரும் சான்று. ஏதாவது நடந்தால் விசாரணையில் என்னைக் கேட்பார்கள், சுற்றறிக்கையைத் தயாரித்தவரைக் கேட்க மாட்டார்கள். பொறுப்பு முழுவதும் என்னிடம் இருக்கும்போது, அதை நிறைவேற்றத் தேவையான நேரத்தை மட்டும் வேறொருவர் முடிவு செய்வது முறையாகாது.

ஆகவே நான் கேட்பவை இவை. 15 நிமிட விதியை உடனே திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, திறந்த டிஃபர் உள்ள விமானங்களுக்கும், முந்தைய ஷிஃப்ட்டில் ஏதேனும் பாகம் மாற்றிய விமானங்களுக்கும் டர்ன்அரவுண்டில் 10 நிமிடத்தைக் காகிதத்துக்கென்றே ஒதுக்குங்கள். விமானம் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அந்தப் பத்து நிமிடம் அதோடு நகர வேண்டும், குறையக் கூடாது. எல்லா விமானத்துக்கும் நான் இதைக் கேட்கவில்லை. சுத்தமான லாக்கோடு வரும் விமானம் இன்று போகும் நேரத்திலேயே போகட்டும்.

41-ஆம் கோடிலிருந்து பணியாளர் எண்ணை எடுத்துவிடுங்கள், பட்டியலையும் கைவிடுங்கள். தாமதத்தை விமானத்தின் பதிவு எண்ணோடும் பழுதோடும் பதிவு செய்தால் போதும். பதிவுத் தவறால் வரும் தாமதத்துக்குத் தனியாக ஒரு கணக்கு வையுங்கள். எந்த ஷிஃப்ட்டில், எந்த வேலைக்குப் பிறகு தவறு கூடுகிறது என்பது ஆறே மாதத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். என் ஊகம், அதிகாலை நான்கு மணியை ஒட்டியே பெரும்பாலும் இருக்கும்.

ஷிஃப்ட்கள் அரை மணி நேரம் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி மாற்றுங்கள். இப்போது இரவுக்காரர்கள் கிளம்பும் வாசலிலேயே காலைக்காரர்கள் நுழைகிறார்கள். நடந்துகொண்டே சொல்வதுதான் ஒப்படைப்பு. விமானத்தருகே நின்று, எழுத்தில், இருவரும் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். இதற்கு ஆள்நேரம் கூடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

பொறியாளர் லாக்கோடு உட்கார்ந்திருக்கும்போது பராமரிப்புக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு யாரும் அவரை அழைத்து "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். சென்ற மாதம் ஒரே புறப்பாட்டுக்கு எனக்கு வந்தவை ஆறு அழைப்புகள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பக்கத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

தன் பதிவுத் தவறைத் தானே முன்வந்து சொல்பவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வராது என்று இரு தலைவர்களும் கையொப்பமிட்டு எழுதித் தாருங்கள். வேண்டுமென்றே பொய்யாக எழுதுபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பை நான் கேட்கவில்லை.

கடைசியாக, உங்கள் இருவரில் ஒருவர் ஓர் இரவு ஷிஃப்ட் முழுவதும் எங்களோடு இருங்கள், அறிவிக்காமல் வாருங்கள். காலை முதல் புறப்பாட்டின்போது லாக் விரித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள்.

முதல் பட்டியல் இந்த மாதக் கடைசியில் ஒட்டப்படவிருக்கிறது. அதற்கு முன் இவை ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். அந்தத் தம்பிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலைத்தான் அவரிடம் காட்ட நினைக்கிறேன்.

இப்படிக்கு,
லைன் மெயின்டனன்ஸ் பிரிவின் உரிமம் பெற்ற பொறியாளர்